பதிமூணாயிரமும் ஆயிரமும்

படிக்கிற பிள்ளைகளுக்கு ஆந்திரா கொடுக்கிற பணம் உசத்தியா, தமிழ்நாடு கொடுக்கிற பணம் உசத்தியா என்று என் கடையில் அடிக்கடி பஞ்சாயத்து கூடும். ஆந்திரா எல்லையோரம் நகரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் கொடுப்பேன். ஆதார் நகலும் பாஸ்புக்குமாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அக்காவோ தங்கையோ பொன்பாடி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பார்கள். எனக்கும் அப்படித்தான், தங்கையைப் பள்ளிப்பட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறோம். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குத் தாத்தா வீடு எந்தப் பக்கம் இருந்ததோ அதை வைத்துத்தான் இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு எந்த அரசாங்கம் காசு போடும் என்பது முடிவாகிறது.

என் மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். மகள் இன்டர் (அந்தப் பக்கத்து பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) இரண்டாம் வருஷம். தங்கை மகள் திருத்தணி அரசுக் கல்லூரியில் பி.காம்., அவள் தம்பி அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான். நாலு பிள்ளைகளுக்கும் நாலு விதமான உதவி, நாலுக்கும் பேப்பர் வேலை பார்த்தவள் நான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறதா என்பதை வைத்து மட்டும் இங்கே மார்க் போடுகிறேன். எந்தக் கட்சி கொண்டுவந்தது என்ற சண்டையை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதை ஏன் சொல்கிறேன் என்றால், பத்தாவது வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் பிள்ளையை நிறுத்துவதில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டில் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். இது தறி ஊர். பெண் வீட்டில் இருந்தால் தார் சுற்றுகிற கூலி மிச்சம், பையன் இருந்தால் இன்னும் இரண்டு தறி கூடுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு முடிந்துவிட்டால் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், மாதச் சம்பளம். ஆக, அரசாங்கம் கொடுக்கிற பணம் ஃபீஸோடு மட்டும் போட்டி போடவில்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய கூலியோடும் போட்டி போடுகிறது. அந்தப் போட்டியில் எது நிற்கிறது, எது விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் எங்கள் பக்கம். 2020 ஜனவரி 9-ம் தேதி சித்தூரில்தான் அம்ம ஒடி தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்டர் வரை பிள்ளையை அனுப்புகிற தாயின் கணக்கில் வருஷத்துக்கு 15,000. அடுத்தடுத்த வருஷங்களில் பள்ளிக் கழிப்பறைக்கு, பராமரிப்புக்கு என்று பிடித்தது போக 13,000 கைக்கு வந்தது. ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான், எத்தனை பிள்ளை படித்தாலும். இரண்டு பிள்ளைக்காரிகள் எல்லாரும் அதைச் சொல்லிப் புலம்பினோம். 2023 ஜூனில் கடைசியாக வந்தது. அப்புறம் தேர்தல், ஆட்சி மாற்றம். 2025 ஜூன் 12-ம் தேதி தல்லிக்கி வந்தனம் என்ற பெயரில் மறுபடி 13,000 போட்டார்கள், 2,000 பள்ளிக்கும் காலேஜுக்கும் பராமரிப்புக்கு. இந்தத் தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. மூன்று பிள்ளை படிக்கிற வீட்டில் 39,000 வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த விஷயத்தில் புதியது பழையதைவிட நூறு மடங்கு நியாயம்.

ஆனால் இடையில் விழுந்த பள்ளத்தை யாரும் நிரப்பவில்லை. 2023 ஜூனுக்கும் 2025 ஜூனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. என் மகள் அப்போதுதான் பத்தாவது முடித்து இன்டரில் சேர்ந்தாள். எந்த வருஷம் ஒரு பிள்ளை நின்றுபோகுமோ அந்த வருஷம் பணம் வரவில்லை என்றால், அதற்கு முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை கணக்கில் இல்லை. அந்தக் காலத்தில் நின்றுபோன இரண்டொரு பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இப்போது திரும்பிச் சேர்க்கச் சொன்னால் “இனிமே எதுக்கு அக்கா?” என்கிறார்கள் அவர்களுடைய அம்மாக்கள்.

பணம் வருகிற ஜூன் மாதம் என் கடையைப் பார்க்க வேண்டும். ஆதார் வைத்துக் காசு எடுத்துக் கொடுக்கிற மிஷின் என்னிடம் இருக்கிறது. தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். நூல் இழுத்து இழுத்துத் தேய்ந்த கட்டை விரல், மிஷின் ரேகையைப் பிடிக்காது. சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்து மறுபடி வைப்பார்கள், மறுபடி சிவப்பு. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு வைத்தால் சில பேருக்குப் பச்சை வரும், சில பேருக்கு ஆள்காட்டி விரல்தான் கைகொடுக்கும். இந்த மிஷினில் ஒரு தடவைக்கு 10,000-க்கு மேல் எடுக்க முடியாது. அதனால் பத்தாயிரம் உடனே கைக்கு வரும், மூவாயிரம் கணக்கில் நிற்கும். இதை முதலில் கண்டுகொண்டவர்கள் மகள்கள்தான். அம்மா பின்னாலேயே நின்றுகொண்டு, “அந்த மூவாயிரத்தை எடுக்காதம்மா, அது எனக்கு” என்று என் முன்னாலேயே பேரம் பேசுவார்கள். ஒரு பெண் ஜெயித்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே அம்மா தனியாக வந்து மூவாயிரத்தையும் எடுத்துப் போய்விடுவாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்கு வந்த 13,000-ல் பெரும்பகுதி நூல் பாக்கிக்குப் போனது. மிச்சத்தில் மகளுக்கு ரெக்கார்டு நோட்டு, ஒரு ஜோடி செருப்பு, இரண்டு சுடிதார் துணி. பணம் தாயின் பெயரில் வருவது நல்ல யோசனைதான், அப்பன் கணக்கில் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் மொத்தமாக ஒரே நாளில் வருகிற பணத்தை, அது வருவதற்கு முன்னாலேயே வீடு முகர்ந்துவிடும். “வந்துடுச்சா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது மெசேஜ்கூட வந்திருக்கவில்லை.

தல்லிக்கி வந்தனத்தின் நிபந்தனைகளைப் பற்றிக் கொஞ்சம். நகர்ப்புறத்தில் மாத வருமானம் 12,000-க்குள், கிராமத்தில் 10,000-க்குள் இருக்க வேண்டும். கார் கூடாது, டாக்சியாக ஓட்டினால் பரவாயில்லை. கரன்ட் மாதம் சராசரி 300 யூனிட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கரன்ட் விஷயம்தான் எங்கள் ஊரில் அதிகம் அடிக்கிறது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும். கூட்டினால் 300 தாண்டும். மீட்டர் யார் ஆதாரோடு சேர்ந்திருக்கிறதோ அவர் பிள்ளைக்குப் பணம் இல்லை. வாடகைக்கு இருக்கிற இரண்டு குடும்பத்துக்கும் வரும், வீட்டுக்காரம்மா மகளுக்கு வராது. அந்த அம்மா வாடகைதான் வாங்குகிறாள், மாளிகையில் ஒன்றும் குடியிருக்கவில்லை. இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள். ஆதாரில் முகவரி இன்னும் அம்மா வீட்டு ஊராகவே இருக்கும், சச்சிவாலயத்தில் (கிராமம், வார்டு அளவிலான அரசு அலுவலகம்) எடுத்த குடும்பக் கணக்கில் பெயர் ஏறியிருக்காது. பிள்ளை இருக்கிறது, தாய் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். எல்லை ஊரில் இப்படிப்பட்ட மருமகள்கள் தெருவுக்கு நாலு பேர். கல்யாணமான கையோடு முகவரியை மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு நான் மனசாரப் பாராட்டு சொல்வது பணத்துக்கு இல்லை, சோற்றுக்கு. 2025 ஜனவரி 4-ம் தேதியிலிருந்து அரசு ஜூனியர் காலேஜ்களில் மதிய உணவு போடுகிறார்கள், அன்னதானத்துக்குப் பெயர் போன டொக்கா சீதம்மா பெயரில். பள்ளியில் பத்தாவது வரை சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, பதினாறு வயதில் இன்டருக்குப் போனதும் சோறு நின்றுபோகும், அதுவும் பசி அதிகமாகிற வயதில். என் மகள் முதல் சில மாதம் டப்பா கட்டிக்கொண்டு போனாள். காலை ஏழு மணிக்குச் சமைக்க முடியாத வீடுகளின் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளே சொல்வாள். இப்போது எல்லாரும் ஒரே வரிசை. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாவதோடு முடிகிறது, பிளஸ் ஒன் பிள்ளைக்குக் கிடையாது. காலை உணவு தொடக்கப்பள்ளிக்கு மட்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்களைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்று.

மகனுடைய பாலிடெக்னிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நினைத்தாலே ரத்தம் கொதிக்கும். முந்தின ஆட்சியில் வித்யா தீவெனா என்று முழு ஃபீஸையும் அரசாங்கம் கட்டியது, வசதி தீவெனா என்று தங்கவும் சாப்பிடவும் பாலிடெக்னிக்குக்கு வருஷம் 15,000, இரண்டு தவணையாக. ஐ.டி.ஐ.க்கு 10,000, டிகிரிக்கு 20,000. காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் நாட்டில் இல்லை. 2021-லிருந்து ஃபீஸையும் தாய் கணக்கில் போட்டு, ஒரு வாரத்துக்குள் காலேஜில் கட்டு என்றார்கள். எனக்கு பாங்க் மெசேஜ் வருவதற்குள் காலேஜ் ஆபீசிலிருந்து போன் வந்துவிடும். வருகிறபோது இந்த அவசரம். வராதபோது? கடைசித் தவணை நின்றுபோனது. அது ஒரு தனியார் காலேஜ். டிப்ளமா சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டிவிட்டு வாங்கிப் போ என்றார்கள். கைமாற்று வாங்கிக் கட்டினோம். அந்த சர்டிபிகேட் இல்லாததால் ஒரு கம்பெனி இன்டர்வியூ போச்சு. இப்போது மறுபடி காலேஜ் கணக்குக்கே நேராகப் போடுவது என்று மாற்றியிருக்கிறார்கள். தாய்க்கும் ஆபீசுக்கும் நடுவில் இருந்த அந்த ஓட்டம் மிச்சம். ஐந்துக்கு இரண்டு மார்க், அந்த இரண்டும் வசதி தீவெனாவுக்கு.

இனி அந்தப் பக்கம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பெல்லாம் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே படிப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தங்கைக்கு அப்போது கொஞ்சம் வருத்தம்தான், “ஒரு சவரன் போச்சே அக்கா” என்றாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடிகிற வரை மாதம் 1,000, அவள் கணக்கிலேயே. பத்தாவதோடு டிப்ளமா, ஐ.டி.ஐ. போனாலும் உண்டு. ஒரு வீட்டில் எத்தனை பெண் இருந்தாலும் அத்தனை பேருக்கும். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் தடை இல்லை. 2024 ஆகஸ்ட் 9-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே 1,000. அதே வருஷக் கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு 12,000. எங்கள் 13,000-ஐவிட ஆயிரம் குறைவு. ஆனால் தங்கை மகளைப் பார்த்த பிறகு என் கணக்கு மாறிவிட்டது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனை வாங்கி அந்தக் கணக்கைப் பார்த்தேன். அவளே காட்டினாள், “பாருங்க பெரிம்மா, எங்கப்பா இதைத் தொட முடியாது” என்று. ஆயிரம் வந்த நாள், அடுத்த வரியில் ரீசார்ஜ். அப்புறம் ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு என்று சின்னச் சின்னத் தொகைகள், மெடிக்கலில் ஒரு தொகை, அது நாப்கின் என்றாள். ஒவ்வொரு மாதமும் தவறாமல் ஒரே தொகை ஒரு இடத்துக்குப் போயிருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அந்தப் பக்கம் குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் வேலைக்குப் போக நினைக்கிற பெண்கள் எல்லாம் டிகிரி படித்துக்கொண்டே டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பரீட்சைகளைப் பாஸ் பண்ணுவார்கள். வீட்டில் ஃபீஸ் கேட்டிருந்தால் “டிகிரி முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்” என்றுதான் பதில் வந்திருக்கும். யாரையும் கேட்காமல் சேர்ந்து, லோயர் ஆங்கிலம் முடித்து, இப்போது தமிழுக்கு உட்கார்ந்திருக்கிறாள். பி.காம். படிக்கிற பெண் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் தட்டிவிட்டு வருவதற்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது என்று எந்த அரசாணையிலும் எழுதியிருக்காது. நடந்தது அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. பன்னிரண்டாவது முடித்தபோதே தங்கை வீட்டுக்காரர் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தார். இரண்டாம் வருஷம் மறுபடி. ஒவ்வொரு தடவையும் தங்கை சொன்ன பதில், “மாசம் ஆயிரம் வருது, படிப்பை நிறுத்தினா அதுவும் நின்னுடும்.” பெரிய தொகை இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் நிறுத்தினால் நின்றுவிடும் என்பது வீட்டு ஆம்பளைக்குப் புரிகிற பாஷை. எங்கள் 13,000-க்கு அந்த வாய் கிடையாது. ஜூனில் வந்து ஜூலைக்குள் தீர்ந்துவிடும். செப்டம்பரில் ஒரு பெண்ணை நிறுத்தினால் உடனே கையை விட்டுப் போவது ஒன்றுமில்லை. 75 சதவீத வருகை வேண்டும் என்று விதி இருக்கிறது, அடுத்த வருஷத்துப் பணத்துக்கு. அடுத்த வருஷம் யார் கண்டார்?

குறை இல்லாமல் இல்லை. சேர்ந்த உடனே பணம் வராது. காலேஜ் உறுதி செய்து, ஆதார் சரிபார்த்து, பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற எமிஸ் எண்ணோடு ஒத்துப்போய் வருவதற்குள் முதல் செமஸ்டர் பாதி ஓடிவிடும். சேர்க்கைச் செலவு வருகிற நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் ஜூன் பணம்தான் உசத்தி. 2022-லும் ஆயிரம், இன்றைக்கும் ஆயிரம், ரீசார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்ற விதி சில பேரை வெட்டுகிறது. பள்ளிப்பட்டில் தெரிந்த ஒருவர் மகள் ஆறு, ஏழு இரண்டு வகுப்பும் பக்கத்திலிருந்த சின்ன மெட்ரிக் பள்ளியில் படித்தாள், அவ்வளவுதான், ஒன்றும் கிடையாது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அவள் ஃபீஸ் கட்டிப் படித்ததால் அதுவும் இல்லை. அவள் அப்பா அந்த இரண்டு வருஷ ஃபீஸைக் கடன் வாங்கிக் கட்டினவர்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதில் தமிழ்நாடு கொஞ்சம் மெத்தனம். சைக்கிள் உண்டு. பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்குச் சேர்த்து 5,000 ஊக்கத்தொகை உண்டு, அது பன்னிரண்டாவது முடித்த பிறகுதான் கையில். மாதாமாதம் வேண்டும் என்றால் பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும். எட்டாவதில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். மத்திய அரசுடையது, பாஸானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000. பதினோராவதில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வில் வந்தால் மாதம் 1,500. இவை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளைதான் நின்றுபோகிற பிள்ளை. அதற்கு இந்த இரண்டு வருஷமும் மாதப் பணம் எதுவும் இல்லை. ஆக பதினாறு, பதினேழுக்கு ஆந்திரா, பதினெட்டிலிருந்து தமிழ்நாடு. இதுதான் என் தீர்ப்பு, பஞ்சாயத்துக்கு வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். தல்லிக்கி வந்தனத்துக்கு ஐந்துக்கு மூன்று. அதே 13,000-ஐ மாதம் ஆயிரமாகப் பிரித்து, பாதியையாவது பிள்ளை கணக்கில் போட்டால் நாலரை தருவேன். புதுமைப் பெண்ணுக்கு நாலு.

ஐ.டி.ஐ. பையன் பாடு இவர்கள் எல்லாரையும்விடத் தேவலை. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 உதவித்தொகை, அதற்கு மேல் தமிழ்ப் புதல்வன் 1,000, சைக்கிள், பஸ் பாஸ், யூனிபார்ம், ஷூ. மாதம் 1,750 வாங்குகிற பதினேழு வயதுப் பையன் வீட்டில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடக்கிறான். அக்காவுக்கே கடன் கொடுக்கிறானாம். டிகிரி, டிகிரி என்று பறக்கிறவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்கள்.

இனி எங்களைப் போன்ற எல்லைக்காரர்கள் பாடு. என் மகளுக்குத் திருத்தணி காலேஜில் சேர ஆசை. அக்கா படிக்கிறாள், தமிழில் பேசலாம், வீட்டிலிருந்து போய்வரலாம். ஆனால் அவள் படித்தது ஆந்திர அரசுப் பள்ளியில், அதனால் புதுமைப் பெண் கிடையாது. சேரப் போவது தமிழ்நாட்டுக் காலேஜில், அதனால் எங்கள் ஃபீஸ் திட்டமும் கிடையாது. தமிழ்வழியிலேயே படித்திருந்தாலும் இதுதான் கதி. சித்தூர்ப் பக்கம் தமிழ்வழி அரசுப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இந்த இடுக்கில்தான் மாட்டுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 15-லிருந்து ஆந்திராவில் பெண்களுக்கு பஸ் இலவசம், அதுவும் மாநிலம் தாண்டுகிற பஸ்ஸுக்கு இல்லை. இரண்டு பக்கமும் மகளிருக்கு இலவச பஸ் ஓடுகிறது, நடுவில் இருக்கிறவள் டிக்கெட் எடுக்க வேண்டும்.

எல்லையைக் கண்டுகொள்ளாத உதவி என்று தேடினால் இரண்டு இருக்கிறது. இரண்டும் மத்திய அரசுடையது, இரண்டைப் பற்றியும் இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

ஒன்று ரயில். பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை, பையன்களுக்குப் பன்னிரண்டாவது வரை, வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் நடுவில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். காலேஜ் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவம் வேண்டும், அவ்வளவுதான். நகரியில் ஏறினால் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை (பெயரைப் படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்), பொன்பாடி, திருத்தணி. பாசஞ்சர் வண்டி நேரமும் காலேஜ் நேரமும் எப்போதும் ஒத்துப்போகாது, அது ஒரு தொல்லை. இருந்தாலும் காசே வாங்காத, யார் கணக்கிலும் போய் விழாத, அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் செலவு பண்ண முடியாத உதவி இது. ஐந்துக்கு ஐந்து.

இன்னொன்று நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போடுகிற மத்தியத் துறை ஸ்காலர்ஷிப். பன்னிரண்டாவதில் அவரவர் போர்டில் 80 பெர்சன்டைலுக்கு மேல் (அதாவது நூறு பேரில் எண்பது பேரைவிட முன்னால்) இருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள். டிகிரிக்கு வருஷம் 12,000, மாணவி கணக்கிலேயே. ஆந்திரா போர்டில் படித்துத் தமிழ்நாட்டுக் காலேஜில் சேர்ந்தாலும் போடலாம். வேறு ஸ்காலர்ஷிப் எதுவும் வாங்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. எல்லை தாண்டிப் படிக்கிறவளுக்கு அந்தக் கவலையே இல்லை. மகளிடம் மார்க்கை மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால் திருத்தணி, வராவிட்டால் இந்தப் பக்கமே ஏதாவது ஒரு டிகிரி காலேஜ். அவள் அப்பாவும் சம்மதித்துவிட்டார், வாயால்.

அப்ளிகேஷன் போடுகிறவர்கள் இரண்டு விஷயம் முன்கூட்டியே செய்துவிடுங்கள். பிள்ளை பெயரில் தனிக் கணக்கு திறந்து ஆதாரை அதோடு இணைத்து வையுங்கள். கடைசியாக எந்த பாங்க்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும், பாஸ்புக் எது கொடுத்தோம் என்பதைப் பார்க்காது. பதிவு பண்ணும்போது போனில் முகத்தைக் காட்டச் சொல்லும், பிள்ளையை நேரில் அழைத்து வர வேண்டும். என் கடைக்குள் வெளிச்சம் பத்தாது, வாசலில் நிற்க வைத்துத்தான் எடுப்பேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும், அதனால் காலையில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.